இடது பக்கக் கண்ணாடி

"இந்தக் கண்ணாடி இறங்காம நான் இந்த சீட்டை விட்டு இறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் காரின் முன்சீட்டில் இன்னும் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்துகொண்டார்.

கார் பட்டறை எலெக்ட்ரீஷியனுக்கு அதுவே முதல் தலைவலி. கோளாறு அவர் சாய்ந்திருந்த இடது பக்கக் கதவில்தான்.

"முப்பத்து நாலு வருஷம் நடுரோட்டுல நின்னு டிராஃபிக்கைக் கட்டி மேய்ச்சவன்பா நான். எவனாவது ராங் சைடுல வந்தா, கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேக்கணும். ஒரு மாசமா கேக்க முடியல. தொண்டையிலேயே நிக்குது."

காரை ஓட்டிவந்த மகன் பக்கத்தில் நின்று பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

எலெக்ட்ரீஷியன் முதலில் டிரைவர் பக்கம் இருக்கும் கண்ணாடி லாக் பொத்தானைப் பார்த்தான். பாதிப் பேர் அதைத் தெரியாமல் அமுக்கிவிட்டு, கதவையே பிரிக்கச் சொல்லி வந்து நிற்பார்கள். அவன் பொத்தானை விடுவித்து, சிரித்துக்கொண்டே சும்மா அனுப்பிவிடுவான். அதனால்தான் இருபது வருடமாக அவனே ஒரு கார் வாங்கவில்லை.

லாக் விழவில்லை. அடுத்து ஒரு கையால் சுவிட்சை அமுக்கிக்கொண்டு கதவில் காதை வைத்தான். மோட்டார் முனகக்கூட இல்லை. தூங்குகிற மோட்டார் சில சமயம் எழுந்துகொள்ளும் என்று கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

"அடியில பலமே இல்லையேப்பா" என்றார் பெரியவர்.

"ஃப்யூஸைப் பாத்துடறேன் ஐயா."

"ஃப்யூஸெல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீ மோட்டாரைப் பாரு."

வண்டியில் எது கெட்டாலும் மோட்டார்தான் போய்விட்டது என்று சொல்கிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். தலையாட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான்.

அந்த மாடலில் கதவுக்கு ஒரு ஃப்யூஸ். இடது கதவு ஃப்யூஸ் கருகியிருக்கவில்லை. இருக்கவே இல்லை. பல் பிடுங்கின இடம் மாதிரி சுத்தமாக ஓர் ஓட்டை.

நிமிர்ந்தான். பெரியவரின் முதுகுக்குப் பின்னால் நின்று மகன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான்.

"பேட்டரியையும் ஒரு பார்வை பாத்துடலாம்" என்று எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கினான். இரண்டு தலைகளும் உள்ளே போயின.

"நான்தாண்ணே கழட்டினேன்" என்றான் மகன் கிசுகிசுப்பாக. "முழங்கால் வைத்தியத்துக்கு அவரை தினம் அரை மணி நேரம் கூட்டிட்டுப் போறேன். வழியில ஒருத்தனை விடறதில்ல. போன மாசம் ஒரு லாரிக்காரன் ஸ்பேனரோட இறங்கிட்டான். இவரு அவன்கிட்ட லைசென்ஸ் கேக்கறாரு."

"அய்யய்யோ."

"எழுபது வயசுண்ணே. கண்ணாடி இறங்குச்சுன்னா என்னைக்காவது அடி விழும். மோட்டாரே போச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"இப்ப திட்டறதே இல்லியா?"

"வெளிய திட்ட முடியலல்ல. எல்லாத்தையும் என்கிட்ட சொல்றாரு. எந்த சிக்னல்ல எவனைப் பிடிச்சாரு, எந்த மந்திரி காரை நிறுத்தி மாத்தல் வாங்கினாரு. முந்தியெல்லாம் பாட்டைப் போட்டுட்டு நான்பாட்டுக்கு ஓட்டுவேன். பேச்சே கிடையாது. இப்ப கேக்காம இருக்க முடியல. அந்த மந்திரி கதை வேற பாதியில நிக்குது."

எலெக்ட்ரீஷியனுக்குத் தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதிலேயே மனைவி கண்டுபிடித்துவிட்ட கோளாறு அது. இதுவரை சரி செய்ய முடியவில்லை. இருந்தாலும் அந்த ஸ்பேனரை நினைத்துக்கொண்டு பெரியவரிடம் போனான்.

"ஐயா, நீங்க சொன்னது சரி. மோட்டார்தான் போயிடுச்சு. இந்த மாடலுக்குப் புதுசு வர்றதுக்கு மூணு மாசமாகும்."

"மூணு மாசமா?" பட்டறையின் தகரக் கதவு அதிர்ந்தது. "அதுவரைக்கும் நான் வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்கணுமா? என்னய்யா பட்டறை நடத்தறீங்க?"

அந்த நேரம் பார்த்து மகனுக்கு ஃபோன் வந்தது. தப்பித்தோம் என்று வாசல் பக்கம் நகர்ந்தான்.

பெரியவர் ஒற்றை விரலை மடக்கி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அந்த விரலுக்கு எத்தனையோ லாரிகள் நின்றிருக்கும். நகரப்போன அவன் காலும் நின்றது.

"காது ஏன் செவந்திருக்கு?"

அவ்வளவுதான், அவன் உடைந்துபோனான். "மன்னிச்சுக்குங்க ஐயா. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஃப்யூஸை வந்து..."

"என் பிள்ளை கழட்டிட்டான். தெரியும். அவன் கழட்டறப்ப நான் மாடியில நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்."

எலெக்ட்ரீஷியனின் கை தானாகவே உதிரி ஃப்யூஸ் டப்பாவைத் திறந்தது. "ரெண்டு நிமிஷம் ஐயா. இப்பவே போட்டுடறேன்."

பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மகன் இன்னும் ஃபோனில்தான் இருந்தான். நடுரோட்டில் முப்பத்து நாலு வருடம் முழங்கிய குரல், முதல் தடவையாகக் கீழே இறங்கியது.

"டப்பாவை மூடு. மந்திரி கதையே இன்னும் பாதியிலதான் நிக்குது. அவன் வந்ததும், மூணு இல்ல, ஆறு மாசமாகும்னு சொல்லு."