பன்னிரண்டாவது மேஜை

“கழத்து” என்றார் யாகூப்.

தங்கத்தாய்க்கு விளங்கவில்லை. “எதை சார்?”

“இதைத்தான். சால்டரிங் அயர்ன் இருக்குல்லா? எல்லாத்தையும் பிரி. திரும்ப என் கண்ணு முன்னால பத்த வை. மணி அடிக்குதான்னு பாப்போம்.”

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. கூடத்தில் பன்னிரண்டு மேஜை. கடைசி மேஜை பத்தாம் வகுப்புத் தங்கத்தாயுடையது. பக்கத்தில் நின்ற அறிவியல் வாத்தியார் வெள்ளத்துரைக்குச் சுள்ளென்று ஏறியது.

முதல் பதினோரு மேஜையை நடுவராக வந்த இந்த மனுஷன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பளபளவென்று பெட்டி போட்ட ரேடியோ, இருட்டினால் தானே எரியும் விளக்கு. பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். “சரி, சரி” என்று குனிந்த தலை நிமிராமல் நடந்தார். நாலாவது மேஜையில் வெள்ளத்துரையின் மகன், திருடன் வந்தால் அலறும் அலாரத்தோடு. அதற்கும் அதே “சரி”தான்.

யாரை நோவது? திருநெல்வேலியிலிருந்து வரவேண்டிய கல்லூரிப் பேராசிரியர் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் யாகூபை நடுவராகக் கூப்பிட்டதே வெள்ளத்துரைதான். “நான் வேண்டாம் சார், வேற ஆளைப் பாருங்க” என்று அந்த ஆள் தலைபாடாய் அடித்துக்கொண்டார். “சும்மா வாரும் பாய்” என்று சைக்கிளில் ஏற்றி வந்தாயிற்று.

தங்கத்தாயின் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். தறியில் இழை அறுந்தது தெரியாமல் ஓடினால் துணி பாழ். அதற்குத்தான் ஒரு வழி செய்திருந்தாள். நாலு குச்சி, பத்து இழை, குட்டித் தறி. ஒவ்வோர் இழையிலும் ஒரு கொண்டை ஊசி தொங்கியது. இழை அறுந்தால் ஊசி கம்பிமேல் விழும். மணி அடிக்கும். எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள்.

“முதல் பரிசோட வா, பாலிடெக்னிக்ல சேக்கேன். இல்லையா, தறிக்கு நூல் தார் சுத்தப் போ” என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த சேதி அது.

“பாய், அவகிட்ட இருக்கது ஒரே ஒரு டிரான்சிஸ்டர்” என்றார் வெள்ளத்துரை. “சூட்டுல போயிட்டா பிள்ளை என்ன செய்வா?”

“எம்புட்டு நேரம் சூடு காட்டணும்னு செஞ்சவளுக்குத் தெரியும் சார்.”

“மத்தவங்களைக் கழத்தச் சொல்லலையே?”

யாகூப் தங்கத்தாய் பக்கம் திரும்பி, “ம், கழத்து” என்றார்.

சுற்றி நின்ற பையன்கள் இளித்தார்கள். “ஏலே, கொண்டை ஊசி மாட்டிக்கிட்டா டோய்!”

தங்கத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். யாகூப் ஒரு கெப்பாசிட்டரை எடுத்து நீட்டினார்.

“இது என்னத்துக்கு?”

“ஊசி விழுந்ததும் துள்ளும் சார். தறி வேற குலுங்கும். கம்பியில படுதது ஒரு நொடிதான். இது இல்லேன்னா மணி ஒரு தடவை கிணுங்கிட்டு நின்னுரும். இது இருந்தா கொஞ்ச நேரம் விடாம அடிக்கும்.”

“யாரு சொல்லித் தந்தா?”

“யாருமில்ல சார். மொதல்ல செஞ்சதைத் தறிகிட்ட வச்சேன். அந்தச் சத்தத்துல அப்பாவுக்குக் கேக்கவே இல்ல.”

திரும்பப் பற்றவைத்தாள். விரல் சுட்டது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே முடித்தாள். கத்தரியால் ஓர் இழையை வெட்டினாள். ஊசி விழுந்தது.

மணி அடிக்கவில்லை.

பையன்கள் ஓவென்று கத்தினார்கள். வெள்ளத்துரைக்கு அந்தத் தகரத்தை எடுத்து யாகூப் தலையில் போடலாம்போல இருந்தது.

தங்கத்தாய் குனிந்து பார்த்தாள். ஒரு முனையில் ஈயம் பிடிக்கவில்லை. விழுந்த ஊசியை எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். இன்னோர் இழையை வெட்டினாள்.

மணி அடித்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

யாகூப் தாளில் என்னவோ எழுதினார். தலைமை ஆசிரியர் கையில் கொடுத்தார். காப்பிக்குக்கூட நிற்காமல் வெளியே நடந்தார்.

தாளைப் பார்த்த தலைமை ஆசிரியர் முழித்தார். முதல் பரிசு தங்கத்தாய். ரெண்டும் மூணும் வெறும் கோடு.

வெள்ளத்துரை வாசலுக்கே ஓடிப் பிடித்தார்.

“நில்லும் வே! பரிசைக் குடுத்துட்டீரு, சரி. அதுக்கு முன்னால அந்தப் பிள்ளையை எதுக்கு அழ வச்சீரு? தறிக்காரன் மகளுக்கு இதெல்லாம் எங்க வரும்னு இளக்காரமா? தைரியமிருந்தா மத்த பதினொண்ணையும் கழத்தச் சொல்லியிருக்கணும்! எம் மவன் ஒரு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து செஞ்சான் வே. ஒரு மூணாம் பரிசுக்குக்கூடவா அவன் லாயக்கில்ல?”

யாகூப் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாருமில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அத்தனை பேருக்கு முன்னால அந்தப் பிள்ளைகளை எப்படி சார் கழத்தச் சொல்லுவேன்? பதினொண்ணும் என் கடையில நான் செஞ்சு குடுத்தது.”