கிணற்றுத் தண்ணீர் அறிக்கை

கடலோரத்தின் பழைய கிணறுகளையும் மக்களின் உடல்நலத்தையும் ஆராய்கிற பெண் அறிக்கையோடு வந்ததும், வீட்டுத் தரகர் வாசலுக்கே ஓடினார். ஊரார் வீட்டு விரிசலையெல்லாம் காற்றோட்டம் என்று விற்ற வாய், சொந்த வீட்டை விற்கும்போது உலர்ந்துபோயிருந்தது. வாங்குகிறவர் இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் காத்திருந்தார்.

“நம்ம கிணறு எப்படி மேடம்?”

“தப்பா நினைக்காதீங்க சார். தெருவுல எல்லாக் கிணறும் நல்லா இருக்கு. நீங்க கொடுத்த பாட்டில்ல மட்டும் சாக்கடைக் கிருமி. குழந்தைங்க குடிச்சா உசுருக்கே ஆபத்து.”

“பாட்டில் மாறியிருக்கும், நல்லாப் பாருங்க!”

“மூடியில உங்க கையெழுத்து இருக்கே சார்.”

தரகர் அறிக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பேத்திக்குத் தண்ணீர் எடுத்து வந்த மனைவி சிரித்தாள். “வீடு விக்கலேன்னா போகுது, விடுங்க. அந்தக் கிணத்துத் தண்ணில நாம வாய் வச்சே பத்து வருஷமாச்சு.”

பேத்தி டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். தரகர் பாய்ந்து பிடுங்கினார்.

“ஐயோ, என்னங்க இது? கேன் தண்ணிதானே!”

“கிணத்துத் தண்ணி தேறாதுன்னு பயந்து, பாட்டில்ல நான் ஊத்திக் கொடுத்ததும் அதேதான்டி!”