மொழிபெயர்க்க ஆள் உண்டு

கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் உடம்பு சரியில்லாமல் இருந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"ஒரு நாளும் இல்லைங்க" என்றார் பெரியவர்.

அதை இந்த ஊர் மொழியில் சொன்னேன். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் என் ஹெட்செட்டில் கேட்டது.

அவர்கள் இருவரும் மருத்துவமனை அறையில், ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசிக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். நான் என் வீட்டுப் படுக்கையறையில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்ட மேஜையில் இருந்தேன். தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எதிர்முனையில் யார் என்று எங்களுக்கும் சொல்ல மாட்டார்கள். வேலைக்கென்று தனியாக ஒரு குரல் வைத்திருக்கிறேன். நிதானமான, யாருடையதும் அல்லாத குரல்.

ஏதோ ஆய்வு. இந்த நாட்டிலேயே பிறந்த வயதானவர்களையும், வெளியிலிருந்து வந்து இங்கே வயதானவர்களையும் ஒரே கேள்விகள் கேட்டு ஒப்பிடுகிறார்கள்.

சர்க்கரை? இல்லை. ரத்தக் கொதிப்பு? இல்லை. மூட்டு வலி? வயதுக்குத் தகுந்த மாதிரி. அதை வலி என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார் நர்ஸ். வேண்டாம் என்றார் பெரியவர்.

நர்ஸ் சிரித்துவிட்டார். இங்கே பிறந்தவர்களின் நோய்களை எழுத ஒரு பக்கம் போதவில்லை, வெளியிலிருந்து வந்த நீங்களெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறீர்கள், என்ன ரகசியம் என்றார்.

பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்கூட ஒருத்தர் வேலை பார்த்தாருங்க. இந்த ஊர்க்காரர். பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற மெஷின். இருபத்தாறு வருஷம் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இப்போ அவருக்கு ரெண்டு காதுலயும் மெஷின். முட்டியை மாத்தியாச்சு. பை நிறைய மாத்திரை. எனக்குப் பாருங்க, ஒண்ணும் கிடையாது."

அவருக்குக் காது எப்படிப் போனதாம் என்று நர்ஸ் கேட்டார்.

"அந்த மெஷின் சத்தத்துலதான்" என்றவர், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நாற்காலி நகர்ந்தது. இடது காதருகே விரலைச் சொடுக்கப் போவதாக நர்ஸ் என்னிடம் சொன்னார். சொடுக்கினார். எனக்குக் கேட்டது.

சத்தம் கேட்டதா என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எந்தச் சத்தம்?" என்றார்.

நர்ஸ் இப்போது சிரிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

எழுந்து வேலைக்குப் போக முடியவில்லை என்று அர்த்தம் என்றார் பெரியவர். வேலையை விட்டுத்தான் ஏழு வருடம் ஆகிறதே என்றார் நர்ஸ். அதனால்தான் ஒரு நாளும் இல்லை என்றேன் என்றார் பெரியவர்.

வீட்டுக்குப் படி ஏறும்போது என்ன ஆகும்?



"ரெண்டாவது மாடியில ஒரு தடவை உக்காருவேங்க. நெஞ்சு மேல யாரோ ஏறி நிக்கிற மாதிரி இருக்கும். அஞ்சு நிமிஷத்துல இறங்கிப் போயிடுவாங்க."

மொழிபெயர்ப்பில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் நான் என்றால், நானும் நான் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் நெஞ்சின் மேல் யாரோ ஏறி நிற்கிறார்கள் என்றேன்.

எவ்வளவு காலமாக? இரண்டு வருடமாக. அதை முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். திரும்பச் சொன்னேன்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை?

"பாஷை தெரிஞ்ச ஆள் கூட வரணுமே. பொண்ணுதான் லீவு போட்டு வரணும். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அவ எங்க வருவா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேப்பா. நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். இந்தத் தடவை லெட்டர்லயே மொழிபெயர்க்க ஆள் உண்டுன்னு போட்டிருந்தாங்க. சரி, அதான் நீங்க இருக்கீங்களேன்னு வந்தேன்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

நர்ஸ் யாரையோ கூப்பிட்டுப் பேசினார். இதயப் பிரிவில் இன்றைக்கே சேர்க்க வேண்டும், வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

யாருக்கும் வேண்டாம் என்றார் பெரியவர். அவள் பயந்துவிடுவாள் என்றார். படிவத்தில் ஒரு எண்ணாவது இருந்தே ஆக வேண்டும் என்று நர்ஸ் விடாப்பிடியாக நின்றார்.

மகளின் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நர்ஸ் எழுதிக்கொண்டு வந்தார்.

கடைசி இரண்டு இலக்கங்கள் ஏழு, மூன்று. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அவர் இன்னும் அவற்றைச் சொல்லியிருக்கவில்லை.

தெரிந்தவர் என்றால் முதல் வார்த்தையிலேயே விலகிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நான் நாற்பது நிமிடமாக விலகாமல் இருந்தேன்.

நர்ஸ் எதையும் கவனிக்கவில்லை. எண் சரிதானா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

நாற்காலி தொலைபேசிக்கு அருகே நகர்ந்தது.

"ஏம்மா, உனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.