துருவிய பேரன்

சிஸ்டர் திரினிதாத் தேங்காய்களைக் கவிழ்த்துப் பார்ப்பார் என்று ஃபெலிஸிடம் யாரும் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்பு அறையின் பின்சுவரோரம், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனைப் போலவே மடங்கிக்கொண்டு மற்ற அப்பா அம்மாக்கள்.

முன்னால் மேசைக்கு ஒரு தேங்காய். ஒவ்வொன்றுக்கும் கண், மூக்கு, உதட்டுச் சாயம், குழந்தைத் துணி.

"வெள்ளிக்கிழமை நான் குடுத்த காய் அத்தனைக்கும் அடியில ஆணியால சின்னதா ஒரு சிலுவை கீறியிருக்கேன்," என்றார் சிஸ்டர். "பாத்துருவோமா?"

ஃபெலிஸ் கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டான்.

சிஸ்டரின் பாடம் எப்போதும் இப்படித்தான். பொறுப்பு என்று பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதற்கு அடியில் கோடு போடுவார்கள், வேறொன்றும் நடக்காது என்பது அவர் கட்சி. அதனால் ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு தேங்காய். பெயர் வைத்து, ஞானத்தாய் ஞானத்தகப்பன் பிடித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதுதான் பிள்ளை. திங்கட்கிழமை வரை தனியாக விடக் கூடாது.

பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் அடுத்த வருஷம், எட்டாம் வகுப்பில், முதல் வகுப்புக் குழந்தை ஒன்றை நம்பிக் கொடுப்பார்கள். கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போக, பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லித்தர.

ஃபெலிஸின் மகள் டீட்டா அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் செபமாலைகளையும் குடையையும் நடந்துபோகும்போதே ஒற்றைச் செருப்பையும் தொலைத்தவள் அவள். இவளிடம் கொடுக்கலாமா என்று சிஸ்டர் தயங்கியபோது ஃபெலிஸ்தான் முன்னால் வந்தான்.

"எம்பொண்ணு காய உசுரோட கொண்டாந்து குடுப்பா சிஸ்டர். நான் ஜாமீன்."

அந்த ஜாமீன்தான் சனிக்கிழமை விடிகாலையில் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தது. ஊர்ப் புனிதரின் திருவிழா. வாரமெல்லாம் கான்கிரீட் கொட்டிய உடம்பு, பாதித் தூக்கம். கெலாகுவென் கலவைக்குச் சுட்ட கோழியை நறுக்கியாயிற்று, எலுமிச்சை பிழிந்தாயிற்று, தேங்காய்த் துருவல் மட்டும் போதவில்லை. கை நீண்டது. அகப்பட்டதை உடைத்தான். துருவிப் பலகையில் உட்கார்ந்து தேய்த்தான்.

ஒரு மூடி முடிகிறபோதுதான் சிரட்டையில் உதட்டுச் சாயம் தெரிந்தது.

மற்ற மூடியையும் துருவினான். நிறுத்தி என்ன ஆகப்போகிறது.

பிறகு குவியலிலிருந்து வேறொரு காயை எடுத்து, மனைவியின் சாயக்குச்சியால் முகம் எழுதினான். சிமென்ட் பூசுகிற கை. இரண்டு கண்ணும் ஒரே பக்கமாகப் போய்விட்டன. மூக்கு வரை துணியைப் போர்த்திவிட்டான்.

டீட்டா எழுந்து வந்து பார்த்தாள். துணியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் மறுநாளும் ஓயாத மழை. பிக்கப் வண்டியில் நாற்காலியும் ஐஸும் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. வண்டியில் கிடக்கிற மழைக்கோட்டைக் காணோம். தண்டனை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நனைந்தான்.

இப்போது சிஸ்டர் முதல் தேங்காயைக் கவிழ்த்தார். சிலுவை இல்லை.

இரண்டாவது. இல்லை.

மூன்றாவதுக்கு வரும்போது பக்கத்து நாற்காலி ரமோன் ஃபெலிஸின் காதில் கேட்டான்: "உன்னோடது பழைய பேரனா, புதுப் பேரனா?"

நான்காவது. ஐந்தாவது. ஒரு வரிசையே முடிந்தது. அடுத்த வரிசையும் வழவழவென்று முடிந்தது.

சிஸ்டர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோரை நிமிர்ந்து பார்த்தார். பெற்றோர் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள்.

"திருவிழா வாரத்துல குடுத்தீங்களே சிஸ்டர்," என்றான் ரமோன், ரொம்பப் பணிவாக. "நீங்களும் எங்க வீட்ல ரெண்டு தட்டு வாங்கிச் சாப்டீங்க. நல்லாருக்குன்னுகூடச் சொன்னீங்க."

சிஸ்டரின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போய் வந்தது.

கடைசி மேசை டீட்டாவுடையது. ஃபெலிஸ் கண்ணை மூடிக்கொண்டான். இவளும் ஊரோடு ஊராகப் போய்விடுவாள், அதுவே ஒரு ஆறுதல் என்று தேற்றிக்கொண்டான். ஆனால் ஜாமீன் சொன்னவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான்.

மேசையில் காய் புரளும் சத்தம் கேட்டது.

"இருக்கு," என்றார் சிஸ்டர். "டீட்டாவுக்கு அடுத்த வருஷம் ஒரு பிள்ளை உண்டு."

ரமோன் ஃபெலிஸை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஃபெலிஸ் வேகமாக வண்டிக்கு நடந்தான். டீட்டா முன்சீட்டில் ஏறி, தேங்காயை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கண்கள் நேராக இருந்தன.

"அப்ப நான் துருவுனது?"

"அது சும்மா ஒரு காய்ப்பா. நான்தான் முகம் வரைஞ்சு படுக்க வெச்சேன். திருவிழா அன்னிக்கு உன் கைக்கு எட்டுற மாதிரி நெசப் பிள்ளைய விடுவேனா?"

"நெசத்த யாரு பாத்துக்கிட்டா? தனியா விடக் கூடாதுல்ல?"

டீட்டா திரும்பி, அவன் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டலை இழுத்தாள். அவனுடைய மழைக்கோட்டு. நடுவில் தொட்டில் மாதிரி ஒரு குழி. அந்தக் குழியில் இப்போது அவன் எழுதிய தேங்காய், இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக, படுத்திருந்தது.

அதையும் மடியில் எடுத்துக்கொண்டு, கோட்டை உதறி அவன் தோளில் போட்டாள்.

"வளைவுல மட்டும் கொஞ்சம் மெதுவாப் போப்பா," என்றாள். "ரெண்டு நாளா உன் சீட்டுக்குப் பின்னாடியே வந்து மூத்தது ரொம்பப் பயந்துருச்சு."