பின் இருக்கைக்கு அடியில்

வந்து பாருங்கள் இந்த அநியாயத்தை! பழைய காரின் பின் இருக்கையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள் மெக்கானிக். காரை விற்றவன் தொங்கவிட்ட மூன்று வாசனைக் குப்பிகள் வெயிலில் மின்னுகின்றன. அவற்றையும் மீறிப் பெட்ரோல் நெடி அவள் மூக்கில் ஏறுகிறது. டார்ச் வெளிச்சம் டேங்கின் ரப்பர் குழாயில் போய் நிற்கிறது. வெடிப்பின்மேல் துணிசோப்பை அப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. அவள் பல்லைக் கடிக்கிறாள். “தெரிஞ்சேதான் உங்க தலையில கட்டியிருக்கான் படுபாவி. இங்க யாருண்ணே உட்காருவாங்க?” காரை வாங்கியவர் குனிந்து அந்தக் குழாயைப் பார்க்கிறார். “என் பொண்ணும்மா. தலை சுத்துதுன்னு தினமும் அழுதா. ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறியான்னு அறைஞ்சுட்டேன்.” மெக்கானிக் குப்பிகளைப் பிடுங்கி, அறைந்த அந்தக் கையிலேயே வைக்கிறாள். பெற்றோரே, நஞ்சுக்கு நறுமணம் பூசி விற்றவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேளுங்கள்! அதற்கு முன், குழந்தை அழும்போது கையை ஓங்காதீர்கள். இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்!