வெட்டிய மௌனம்

மனித குலம் படிப்பில் உருப்படாமல் போனதற்கு ஒரே காரணம், ஆசிரியர்கள் நடுநடுவே மூச்சு விடுவதுதான். கல்லூரியின் இணையப் பாட வீடியோக்களை வெட்டி, படம் வரைந்து ஒட்டித் தரும் டிசைனர் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதே கல்லூரியில் வேதியியல் நடத்திய அவன் அக்கா, ஆளில்லாத அறையில் கேமராவிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள்.

"மெஷினோட பேசுற ஒரே ஆள் நீதான்க்கா."

"பசங்க யோசிக்க வேணாமாடா? பேசாம படத்தைப் போடு."

அவன் அந்த மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டு அங்கே ஒரு மூலக்கூறுப் படத்தை ஒட்டினான்.

மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை. பாடம் மட்டும் மாணவர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது நடுவில் நிற்கிறது என்று புகார் வந்தது. திறந்து பார்த்தான். வெட்டிய மௌனம் திரும்பி வந்திருந்தது. மறுபடி வெட்டினான், முன்பைவிட நீளமாக வந்தது. படத்தை நடுவில் வைத்தால், அது ஓரமாக நகர்ந்து அவள் முகத்துக்கு வழிவிட்டது. அக்கா கண் சிமிட்டினாள். முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். காத்திருந்தாள்.

புரிந்தது என்று சொன்னால் பாடத்தை முடித்துவிட்டுப் போய்விடுவாள். அது அவனுக்குத் தெரியும். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"புரியலக்கா."

அக்கா பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.