வீட்டு ஆள்

"மெஷின் வாங்க மூணு மீட்டிங் போட்டீங்க. அதை ஓட்டப்போறது யாருன்னு ஒரு தடவையாவது பேசினீங்களாண்ணே?"

சலவை நிலையத்தின் மாடி அறையில் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது கிளையின் வரைபடம் மேசை முழுக்க விரிந்து கிடந்தது. கீழே இயந்திரங்கள் ஓடும் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி கடகடத்தது.

"எதுக்குப் பேசணும்? மெஷின் வந்தா ஆளு தானா வரும். வாசல்ல ஒரு போர்டு மாட்டினா போதும்."

"அப்படி வர்றவன் ஆஸ்பத்திரி பெட்ஷீட்டையும் ஓட்டல் மேஜைத் துணியையும் ஒரே மெஷின்ல போட்டு அலசுவான். அவனுக்கு யாரு கத்துக்கொடுக்கறது?"

"அதான் நீ இருக்கியே."

"அங்கயும் நானா? அப்போ இங்க?"

"இங்கயும் நீதான். வீட்டு ஆளு இருக்கறப்ப வெளி ஆளு எதுக்கு?"

தங்கைக்குச் சுருக்கென்றது. அப்பா காலத்திலிருந்தே ஷிப்ட் பிரிப்பதும், சொல்லாமல் நின்றவன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்வதும் அவள்தான். முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் அவளுக்கு நாற்காலி கிடையாது. காபியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். அதற்குத் தடையில்லை.

"வீட்டு ஆளு, வீட்டு ஆளுன்னே என்னை ஆளாவே சேர்க்கல. இனிமே எந்தக் கிளைக்கு எந்த ஆளு, யாரை எப்போ பழக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் மெஷின். உங்க பக்கத்துல உக்காந்து நான்தான் அதைப் பண்ணுவேன். கடைசியா கேக்கறேன். சரியா, இல்லையா?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீயும் அந்த பைபாஸ் ரோட்டுக்காரன் மாதிரியே பேசறியே! அங்க புதுசா ஒரு லாண்டரி வருதாம். இன்னும் சுவரே எழும்பல, அதுக்குள்ள ஷெட்டை வாடகைக்குப் பிடிச்சு ஆளுங்களைப் பழக்கறானாம். எவனோ கிறுக்கன்!"

"என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"முடியாது. போ, போய் வேலையைப் பாரு."

"அதைத்தான் பாக்கப் போறேன்."

இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து வரைபடத்தின் மேல் போட்டாள். வாசல்வரை போனவள், நின்று திரும்பினாள்.

"அப்புறம், பைபாஸ் ரோட்டுல இருக்கறது கிறுக்கன் இல்லேண்ணே. கிறுக்கி. உங்க கூடப்பொறந்தவதான்!"